மேலிருந்து இறங்குவதா, கீழிருந்து ஏறுவதா: கருப்பை நீக்கத்தின் சிறுதுளை வழிகள்

கருப்பையை எந்த வழியாக எடுத்தாலும் உள்ளே வெட்டிக் கட்டவேண்டிய இடங்கள் மாறுவதில்லை. மேலே இரு பக்கமும் ரவுண்ட் லிகமென்ட் (லிகமென்ட் என்பது கருப்பையைப் பிடித்திருக்கும் நார்க்கட்டு), அதை ஒட்டிக் கருக்குழாயும் சினைப்பையின் பிடிப்பும், நடுவில் கருப்பைத் தமனி, அதற்குக் கீழே கார்டினல் லிகமென்ட், பின்பக்கம் யூட்டரோசேக்ரல் லிகமென்ட், கடைசியாக யோனியின் மேல்விளிம்பு. வயிற்றுத் துளை வழியே விடும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப்போடு போகிறவர் இந்த வரிசையில் மேலிருந்து இறங்குகிறார். யோனி வழியாகப் போகிறவர் வரிசையைத் தலைகீழாக்கிக் கீழிருந்து ஏறுகிறார். ரோபோ, ஒற்றைத் துளை, யோனி வழியே கேமரா விடும் வி-நோட்ஸ் என்று எத்தனை புதுப்பெயர் வந்தாலும், இந்த இரண்டில் ஒன்றாகவோ இரண்டின் கலப்பாகவோதான் இருக்கும்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தப் பெண்ணுக்குச் சிக்கல் எங்கே இருக்கிறது, மேலேயா, கீழேயா? வயிற்றுக்குள் ஒட்டல்கள், கருப்பையின் உட்சுவர்த் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், சினைப்பைக் கட்டி என்றால் மேலிருந்து பார்த்தாக வேண்டும். சிக்கல் கருப்பைக்குள்ளேயே அடங்கியது, கருப்பையும் நன்றாக அசைகிறது என்றால் வயிற்றில் ஒரு துளைகூடத் தேவையில்லை. ஆனால் நடைமுறையில் அதிகம் கேட்கப்படுவது வேறு கேள்வி: டாக்டருக்கு எது பழக்கம், தியேட்டரில் என்ன கருவி இருக்கிறது? பழக்கம் லேசான காரணம் இல்லை. பழகிய கை பாதுகாப்பான கை. ஆனாலும் அது மட்டுமே காரணமாகிவிடக் கூடாது.

யோனி வழியிலிருந்தே தொடங்கலாம். காலத்தால் அதுதான் மூத்தது, இன்று அதிகம் மறக்கப்படுவதும் அதுதான். திட்டமிட்டுச் செய்த முதல் யோனிவழி கருப்பை நீக்கம் 1813-இல் ஜெர்மானிய மருத்துவர் கான்ராட் லாங்கன்பெக் செய்தது. மயக்க மருந்து வர இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம். லேப்ராஸ்கோப் வழியாக முதன்முதலாகக் கருப்பையை எடுத்ததாக அமெரிக்க மருத்துவர் ஹாரி ரீச் அறிவித்ததோ 1988-இல் செய்த அறுவையைத்தான். இடைப்பட்ட 175 ஆண்டுகளில் யோனி வழி நன்றாகத் தேறிவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நோய் புற்றாக இல்லாதபோது யோனி வழி சாத்தியமென்றால் அதையே முதலில் எடுக்கச் சொல்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் 2017-இல் அதையே சொன்னது. வயிற்றைத் திறக்கும் முறையைவிட யோனி வழியில் சுமார் ஒன்றரை வாரம் முன்னதாகவே வழக்கமான வேலைகளுக்குத் திரும்ப முடிகிறது.

செய்முறையைப் பார்த்தால் அதன் எளிமை புரியும். கால்களைத் தூக்கி வைத்த நிலையில் கருப்பை வாயைப் பல் இடுக்கியால் பிடித்து இழுக்கிறார்கள். வாயைச் சுற்றி, நீர்த்த அட்ரினலின் கலந்த மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவதால் ரத்தம் குறைகிறது, திசு அடுக்குகளும் பிரிகின்றன. சுற்றிலும் வட்டமாகக் கீறி, பின்பக்கம் வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்தை முதலில் திறப்பது வழக்கம். முன்பக்கம் சிறுநீர்ப்பை இருப்பதால் அவசரம் காட்டுவதில்லை. யூட்டரோசேக்ரல், கார்டினல் லிகமென்ட்களைப் பிடித்து வெட்டி, கரையும் நூலால் தைத்துக் கட்டிய பின் கருப்பை ஒரு படி கீழே இறங்கும். அடுத்த பிடி கருப்பைத் தமனிக்கு. அதற்குப் பிறகு மேல்பக்கம் கருக்குழாய், சினைப்பை இணைப்பு. கடைசியில் யூட்டரோசேக்ரல் முனைகளை யோனி விளிம்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். பிற்காலத்தில் யோனி இறங்காமல் தாங்கப்போவது அந்தத் தையல்தான். மெக்கால் தையல் என்று அறுவை அரங்கில் சொல்வதும் இந்த வகையைத்தான்.

தவறு எங்கே வரும்? இரண்டு இடங்களில். ஒன்று சிறுநீர்ப்பை. முன்பக்கப் பெரிட்டோனிய மடிப்பு கண்ணுக்குத் தெரியாமலே கத்தரியை விட்டால் பை கிழியும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பை கருப்பை வாயோடு நடுவில் ஒட்டியிருக்கும். பஞ்சு உருண்டையால் அங்கே அழுத்தித் தள்ளுவதுதான் கெட்ட பழக்கம், ஏனென்றால் தழும்பு விட்டுக்கொடுக்காது, பைச்சுவர்தான் கிழிந்துகொடுக்கும். கூர்மையான கத்தரியால், கருப்பை வாயின் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். நடுத்தழும்பை விட்டுப் பக்கவாட்டில் நுழைந்தால் ஒட்டாத மெல்லிய இடம் கிடைக்கும் என்று காட்டியவர் மும்பையின் ஷிரீஷ் சேத். அந்த இடைவெளி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இரண்டாவது, மேல்முனைக் கட்டு. கருக்குழாய், சினைப்பை இணைப்பைக் கட்டிய நூல் நழுவினால் அந்த முனை இடுப்புக்குழிக்குள் மேலே சுருங்கிப் போய்விடும். கீழிருந்து அதைத் தேடிப் பிடிப்பது கிணற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுவது மாதிரி. அதனால்தான் அதை இரட்டைக் கட்டாகக் கட்டுகிறார்கள். அந்த நூலைப் பிடித்து இழுத்து வேலை செய்யவும் கூடாது.

யூரிட்டர் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லா வழிகளையும் ஒப்பிட அதுவே உரைகல். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் இந்தக் குழாய், கருப்பை வாய்க்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 சென்டிமீட்டர் தொலைவில், கருப்பைத் தமனிக்கு அடியில் செல்கிறது. மருத்துவ மாணவர்கள் பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர் என்று மனப்பாடம் செய்வார்கள். யோனி வழியில் கருப்பை வாயைக் கீழே இழுத்து, பையை மேலே தூக்கிப் பிடிக்கும்போது தமனி கீழே வருகிறது, யூரிட்டர் விலகி நிற்கிறது. இடுக்கியைக் கருப்பை வாயை உரசிக்கொண்டே வைத்தால் போதும். இங்கே சூடு எதுவும் இல்லை என்பதும் பெரிய பாதுகாப்பு.

யாருக்கு யோனி வழி ஒத்துவராது? இதில் நம்பிக்கைகள் அதிகம், ஆதாரம் குறைவு. சுகப்பிரசவம் ஆகாதவருக்கு முடியாது, சிசேரியன் ஆனவருக்கு முடியாது, கருக்குழாயை எடுக்க வேண்டுமென்றால் முடியாது என்பார்கள். இவற்றில் எதுவும் தனியே தடையாகாது. உண்மையான தடைகள் வேறு. யோனியின் மேல்பகுதி இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவு, அந்தரங்க எலும்பு வளைவு 90 பாகைக்கும் குறுகியது, கருப்பை சுவரோடு ஒட்டி அசையவே இல்லை, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பின்குழி எண்டோமெட்ரியோசிஸால் அடைபட்டிருக்கிறது. இவை இருந்தால் மேலிருந்துதான் போக வேண்டும். அளவைப் பொறுத்தவரை சுமார் 280 கிராம், அதாவது 12 வாரக் கர்ப்ப அளவு, பொதுவான எல்லையாக வைக்கப்படுகிறது. தேர்ந்த கைகள் கருப்பையை நடுவே பிளந்தும், ஃபைப்ராய்டு எனும் தசைக்கட்டியைத் தோண்டி எடுத்தும் அதற்கு மேலும் போகின்றன.

ஸ்கேன் அறிக்கையிலிருந்து இந்த எடையை நீங்களே கணக்கிடலாம். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 0.52-ஆல் பெருக்குங்கள். 10, 8, 6 என்றால் 480, அதன் 0.52 பங்கு ஏறக்குறைய 250. கிராமும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால் எடையைவிட இடம்தான் முக்கியம். உச்சியில் இருக்கும் 8 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு அவ்வளவாகத் தொல்லை தராது. கருப்பை வாயிலோ பக்கவாட்டு மடிப்புக்குள்ளோ புகுந்த 5 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு தமனியையும் யூரிட்டரையும் இடம்மாற்றிவிடும். அறிக்கையில் அளவை மட்டும் படித்துவிட்டு வழியைத் தீர்மானிப்பவர் பாதியைத்தான் படித்திருக்கிறார்.

இனி மேல்வழி. முழு லேப்ராஸ்கோப்பி முறையில் முதல் காரியம் கீழேதான் நடக்கிறது. கருப்பையை ஆட்டிப் பிடிக்க ஒரு மேனிபுலேட்டர் பொருத்துகிறார்கள். அதன் கிண்ணம் கருப்பை வாயைச் சுற்றிக் கவ்வி, வெட்ட வேண்டிய இடத்தை உள்ளிருந்து புடைத்துக் காட்டும். கிண்ணத்தின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது சாதாரண விஷயம்போலத் தோன்றும். சிறியதாக எடுத்தால் வெட்டுக்கோடு தெரியாது, யூரிட்டரும் விலகாது. பாதி அறுவையின் வெற்றி அங்கே இருக்கிறது.

பிறகு தொப்புள் வழியாகக் கரியமில வாயு. வாயுவைச் செலுத்தும் வெரஸ் ஊசி சரியான இடத்தில் நின்றால் முதலில் காட்டும் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் குறைவாக இருக்கும். அதிகமாகக் காட்டினால் ஊசி வயிற்றுக்குள் இல்லை என்று கொள்வதே நல்லது. முன்பு வயிற்றின் நடுவே திறந்த அறுவை ஆனவர்களுக்குத் தொப்புளை விட்டுவிட்டு, இடது விலா விளிம்புக்கு 3 சென்டிமீட்டர் கீழே, பால்மர் புள்ளியில் நுழைவார்கள். அங்கே ஒட்டல் அரிது. வேலை நடக்கும்போது அழுத்தம் 12 முதல் 15. பக்கத் துளைகள் 5 மில்லிமீட்டர். அவற்றைப் போடும்போது வயிற்றுச் சுவரில் ஏறும் கீழ் எபிகாஸ்ட்ரிக் ரத்தக்குழாயை உள்ளிருந்து கண்ணால் பார்த்து, அதற்கு வெளியே துளைக்க வேண்டும். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் துளையின் ஆழ அடுக்கைத் தைத்தே ஆக வேண்டும். விட்டால் குடலிறக்கம் வரலாம்.

உள்ளே போன பின் வரிசை இப்படி: ரவுண்ட் லிகமென்ட், கருக்குழாயும் சினைப்பை இணைப்பும், பக்க மடிப்பின் முன் இலை, சிறுநீர்ப்பையைக் கீழே இறக்குதல், தமனியைச் சுற்றியுள்ள தளர்ந்த திசுவைக் களைந்து வெறுமையாக்குதல், கிண்ண விளிம்பு மட்டத்தில் தமனியைச் சுட்டு வெட்டுதல், கிண்ணத்தைச் சுற்றி யோனியை வெட்டுதல். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் கருக்குழாய்களை எடுத்துவிடுவது இப்போது வழக்கமாகிவருகிறது. சினைப்பைப் புற்றில் பல அந்தக் குழாயிலிருந்து தொடங்குகின்றன என்பதால்.

இங்கே யூரிட்டர் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. மேனிபுலேட்டரைத் தலைப்பக்கம் அழுத்தித் தள்ளினால் யூரிட்டர் விலகும் என்பது உண்மை. உதவியாளர் கை சோர்ந்து தள்ளுவதை விட்டால் அது திரும்பி வந்துவிடும் என்பதும் உண்மை. பெரும்பாலான காயம் நடப்பது ஒரே மாதிரி. தமனி சரியாகச் சுடப்படாமல் வெட்டப்படுகிறது, ரத்தம் பீறிடுகிறது, முனை பக்கவாட்டில் சுருங்குகிறது, பதற்றத்தில் அந்த ரத்தக்குளத்துக்குள் பைப்போலார் எனும் மின்சூட்டு இடுக்கியை விட்டுத் திரும்பத் திரும்பச் சுடுகிறார்கள். கருவியின் சூடு அதன் தாடைகளைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் பரவும். யூரிட்டர் அங்கேதான் இருக்கிறது. சரியான செயல் மெதுவானது. இடுக்கியால் அழுத்திப் பிடித்து, மேனிபுலேட்டரை இன்னும் தள்ளி, கழுவி, பார்த்து, பிறகு சுடுவது. பெரிய கருப்பையில் இந்த ஆபத்தே வேண்டாமென்று பெரிட்டோனியத்தைத் திறந்து, உள் இலியாக் தமனியிலிருந்து கருப்பைத் தமனி கிளம்பும் இடத்திலேயே, யூரிட்டரைக் கண்ணால் கண்டுகொண்டு கட்டுகிறார்கள். அது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. வாரம் ஒரு கேஸ் செய்பவருக்கும் வருடம் ஐந்து செய்பவருக்கும் உள்ள தூரம் இந்த இடத்தில்தான் தெரியும்.

சூட்டுக் காயத்தின் கொடுமை அது அன்றைக்குத் தெரியாது என்பதுதான். முடிக்கும் முன் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் விட்டு இரு யூரிட்டர் வாயிலும் சிறுநீர் பீச்சுவதைப் பார்ப்பது நல்ல பழக்கம். கட்டப்பட்ட, மடங்கிய, வெட்டுண்ட குழாயை அது காட்டிக்கொடுக்கும். சுடுபட்ட குழாயோ அன்று ஒழுங்காகப் பீச்சிவிட்டு, திசு செத்து உதிரும் ஒன்றிரண்டு வாரத்தில் ஒழுகத் தொடங்கும். சிஸ்டோஸ்கோப் சரியாக இருந்தது என்ற ஒரே காரணத்தால் பத்தாம் நாள் முதுகுவலியை ஒதுக்கிவிடக் கூடாது.

எண்களும் இதையே சொல்கின்றன. பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த இவேலுயேட் ஆய்வு 2004-இல் வெளியானது. வயிற்றைத் திறந்தவர்களில் 6.2 சதவீதத்தினருக்கும் லேப்ராஸ்கோப் குழுவில் 11.1 சதவீதத்தினருக்கும் பெரிய சிக்கல் நேர்ந்தது. பாதியில் திறந்த அறுவைக்கு மாறியதையும் அவர்கள் சிக்கலாகவே எண்ணினார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதே ஆய்வின் மற்றொரு பிரிவில் யோனி வழியும் லேப்ராஸ்கோப்பும் மோதின. சிக்கல் 9.5-க்கு 9.8, கிட்டத்தட்ட சமம். நேரமோ 39 நிமிடத்துக்கு 72. பின்லாந்து 2006-ஆம் ஆண்டு முழுதும் நடந்த கருப்பை நீக்கங்களில் 5,279-ஐத் தொகுத்துப் பார்த்தபோது, பெரிய சிக்கல் திறந்த முறையில் 4.0, லேப்ராஸ்கோப்பில் 4.3, யோனி வழியில் 2.6 சதவீதம். எளிய கேஸ்கள் யோனி வழிக்குப் போயிருக்கும் என்று ஆட்சேபம் சொல்லலாம், நியாயம்தான். எளிய கேஸ்களை யோனி வழிக்கு அனுப்புங்கள் என்பதற்கும் அதுவே வாதம்.

லேப்ராஸ்கோப்பில் அதிகம் காணப்படும் இன்னொரு தொல்லை யோனித் தையல் பிரிதல். யோனியின் மேல்விளிம்பை மின்கத்தியால் வெட்டும்போது விளிம்பு கருகுகிறது, கருகிய சதை ஆறுவது தாமதமாகும். அதோடு கேமரா பெரிதாக்கிக் காட்டுவதால் ஊசி 1 சென்டிமீட்டர் உள்ளே போனதாகத் தோன்றும். நிஜத்தில் அதில் பாதிதான் போயிருக்கும். பழகியவர்கள் கருவியின் தாடை நீளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். இதைத் தவிர்க்கும் வழிகள்: கருக்கும் மின்னோட்டத்துக்குப் பதில் வெட்டும் மின்னோட்டம், குறைந்த நேரத் தொடுகை, கருகாத சதை வரை 1 சென்டிமீட்டர் பிடி, பெரிட்டோனியத்தையும் யூட்டரோசேக்ரலையும் சேர்த்தெடுத்தல். முள்நூல் என்று சொல்லப்படும் பின்வாங்காத நூல் வந்த பிறகு இந்த வேலை லேசானது. முடிச்சுப் போடத் தேவையில்லை, இழுவையும் தளராது.

இரண்டையும் கலந்த முறையை, மேல்பாதியை லேப்ராஸ்கோப்பால் முடித்துக் கீழ்பாதியை யோனி வழியாகச் செய்வதை, பலர் நடுவழி என்று நினைக்கிறார்கள். அதில் ஒரு விநோதம் உண்டு. ஒட்டலோ கட்டியோ இல்லாத கருப்பையில் மேல்பாதி என்பது எளிய பாதி. தமனிக்குக் கீழே இருப்பதுதான் கடினம். எளியதைக் கருவியால் செய்து கடினத்தைக் கைக்கு விட்டால், துளைகளின் ஆபத்தும் மேலே சேர்ந்ததுதான் மிச்சம். இந்தக் கலப்புக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. கீழே கருப்பை நன்றாக இறங்குகிறது, மேலே சினைப்பைக் கட்டியையோ குடல் ஒட்டலையோ பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் அது கச்சிதம்.

கருப்பை வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுக்கும் முறைக்கு ஒரு வரி போதும். உடலுறவு இன்பத்துக்கோ சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கோ அது மேல் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை, சிலருக்கு மாதாமாதம் சிறு ரத்தக்கசிவு தொடரும், கருப்பை வாய்ப் புற்றுச் சோதனையையும் விட முடியாது.

ரோபோவைப் பற்றி எழுதும்போது அறுவையை ரோபோ செய்வதில்லை என்பதைச் சொல்லியே தொடங்க வேண்டியிருக்கிறது. டாக்டர் சற்றுத் தள்ளி ஒரு கன்சோலில் உட்கார்ந்து கருவிகளை ஓட்டுகிறார். டா வின்சி கருவிக்குப் பெண்நோய் அறுவைகளுக்கான அமெரிக்க அனுமதி 2005-இல் கிடைத்தது. லாபம் மூன்று: முப்பரிமாணக் காட்சி, மணிக்கட்டைப் போல வளையும் கருவி முனை, நடுங்காத கேமரா. யோனி விளிம்பைத் தைப்பது நேரான லேப்ராஸ்கோப் கருவியைவிட மிக எளிது. இழப்பு ஒன்று: பெரும்பாலான கருவிகளில் தொடு உணர்வு இல்லை. நூல் எவ்வளவு இறுகியது, திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால் மட்டும் ஊகிக்க வேண்டும். துளைகள் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், இரண்டுக்கும் இடையே 8 சென்டிமீட்டர் வரை இடைவெளி விட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில். கருவியைப் பொருத்தும் நேரம் தனி.

தலையைத் தாழ்த்திக் கால்பக்கத்தை 25 முதல் 30 பாகை உயர்த்தும் நிலை, லேப்ராஸ்கோப்புக்கும் ரோபோவுக்கும் பொது. ஆனால் ரோபோ கைகள் பொருத்திய பின் படுக்கையை அசைப்பது எளிதல்ல, நோயாளி அந்தச் சாய்விலேயே நீண்ட நேரம் கிடக்கிறார். முகம் வீங்கும், கண் அழுத்தம் ஏறும், நுரையீரலுக்குக் காற்றுத் தள்ளக் கூடுதல் அழுத்தம் வேண்டும். தோளில் முட்டுக்கட்டை வைத்தால் கைநரம்பு நசுங்கும். வழுக்காத மெத்தை விரித்தால் அந்தப் பிரச்சினை இல்லை. தொடங்கும் முன், துளை போடாத நிலையிலேயே ஒரு நிமிடம் முழுச் சாய்வில் வைத்துப் பார்த்து மயக்க மருத்துவர் சம்மதித்த பின் தொடர்வது நல்ல ஒழுங்கு.

புற்றாக இல்லாத நோய்களில் ரோபோ லேப்ராஸ்கோப்பைவிட நல்ல பலன் தந்ததா? அமெரிக்காவில் 2007 முதல் 2010 வரை நடந்த 2,64,758 அறுவைகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில் சிக்கல் விகிதம் இரண்டிலும் சமமாக இருந்தது, செலவு மட்டும் ரோபோவில் கூடியது. அதே காலத்தில் ரோபோவின் பங்கு 0.5 சதவீதத்திலிருந்து 9.5 சதவீதமாக ஏறியது. பலன் கூடாமல் பங்கு மட்டும் கூடியதற்குக் காரணம் மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் ரோபோவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அதிக உடற்பருமன் உள்ள பெண்ணுக்குத் தடித்த வயிற்றுச் சுவரோடு லேப்ராஸ்கோப் கருவி மல்லுக்கட்டும். ரோபோ கை அந்தச் சுமையைத் தானே தாங்கிக்கொள்கிறது. கருப்பை உட்சுவர்ப் புற்றில் பருமன் சகஜம். திறந்த அறுவையைத் தவிர்க்க ரோபோ அங்கே உண்மையாக உதவுகிறது.

தொப்புளில் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் கீறி எல்லாக் கருவிகளையும் அதன் வழியே விடும் ஒற்றைத் துளை முறை, தழும்பை மறைப்பதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் தருவதில்லை. கருவிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், பெரிய கீறலில் குடலிறக்க வாய்ப்பும் கூடும்.

வி-நோட்ஸ் சுவாரசியமானது. தொடக்கம் யோனி வழி அறுவையேதான்: வட்டக் கீறல், முன்னும் பின்னும் திறப்பு, யூட்டரோசேக்ரலை வெட்டிக் கட்டுதல். அதன்பின் யோனியிலேயே ஒரு வளையத் துளைவாயைப் பொருத்தி வாயு நிரப்பி, கேமராவையும் கருவிகளையும் கீழிருந்தே விடுகிறார்கள். யோனி வழியின் பழைய பலவீனம் மேல்முனையைக் கண்ணால் காண முடியாதது. அந்தக் குறை இங்கே தீர்ந்துவிடுகிறது, வயிற்றில் துளையும் இல்லை. பெல்ஜியத்தில் 70 பெண்களை வைத்து நடந்த ஹேலான் ஆய்வில் இந்த முறைக்கு சராசரி 41 நிமிடம், லேப்ராஸ்கோப்புக்கு 75. முதல் 12 மணி நேரத்துக்குள் வீடு திரும்பியவர்கள் 77-க்கு 43 சதவீதம். ஒரே குழு, கைதேர்ந்த கை, சின்ன எண்ணிக்கை. அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். பின்குழி அடைபட்டிருந்தாலோ, மலக்குடல் அறுவையோ இடுப்புக் கதிர்வீச்சோ முன்பு ஆகியிருந்தாலோ இதை நினைக்கவே கூடாது. பின்பக்கம் திறக்கும்போது குடல் மாட்டும்.

வெட்டியெடுத்த கருப்பை வெளியே வரும் வழிக்கும் தனிக் கதை இருக்கிறது. சிறியதென்றால் யோனி வழியாக முழுசாக வந்துவிடும். பெரியதைத் துண்டாக்க ஒரு காலத்தில் சுழலும் கத்தியுள்ள மார்சலேட்டரை வயிற்றுக்குள்ளேயே ஓட்டினார்கள். ஃபைப்ராய்டு என்று நினைத்தது சார்கோமா எனும் புற்றாக இருந்தால் அது வயிறு முழுக்க விதைபோலச் சிதறும். ஃபைப்ராய்டுக்காக அறுவை செய்யப்படும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று மதிப்பிட்டு 2014-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. இப்போது துண்டாக்குவதென்றால் மூடிய பைக்குள் போட்டு, பையின் வாயை யோனி வழியாகவோ சிறு கீறல் வழியாகவோ வெளியே எடுத்துக் கத்தியால் உரித்தெடுக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு வளரும் ஃபைப்ராய்டு என்றால் துண்டாக்கும் பேச்சே வேண்டாம். 45 வயதைத் தாண்டிய ஒழுங்கற்ற ரத்தப்போக்குக்கு உட்சுவர் பயாப்சி அறிக்கை வராமல் எந்த வழியிலும் கருப்பையைத் தொடக் கூடாது.

புற்று உறுதியானால் கணக்கே மாறும். உட்சுவர்ப் புற்றில் லேப்ராஸ்கோப்பும் திறந்த அறுவையும் ஐந்தாண்டு உயிர்வாழ்வில் ஒன்றுபோலவே இருந்தன. 2,600-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற லேப்2 ஆய்வில் இரண்டிலும் 89.8 சதவீதம். கருப்பை வாய்ப் புற்றிலும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் எண்ணியிருந்தபோது 2018-இல் லேக் ஆய்வு வந்தது. நோய் திரும்பாமல் நாலரை ஆண்டு கடந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், சிறுதுளையில் 86.0. மேனிபுலேட்டர் கட்டியைக் குத்துவதும், வாயு நிறைந்த வயிற்றுக்குள் கட்டியோடு யோனியை வெட்டுவதும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். அந்தப் புற்றுக்கான விரிந்த அறுவையில் அதன்பின் திறந்த வழியே அளவுகோலாகத் திரும்பியது. அங்கே பெரிய தழும்பைக் கண்டு வருந்த வேண்டியதில்லை.

எந்த வழியானாலும் தயாரிப்பு ஏறக்குறைய ஒன்றே. ரத்தசோகை இருந்தால் தேதியைத் தள்ளிப்போட்டு இரும்புச்சத்து ஏற்றுவது, புகையை நிறுத்துவது, கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் தொற்றைத் தடுக்கும் செஃபசோலின் 2 கிராம், கால்களில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது. தெளிந்த நீராகாரம் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். நள்ளிரவிலிருந்தே பட்டினி போடும் வழக்கம் பழையது.

டாக்டரிடம் கேட்கவேண்டியதும் உண்டு. யோனி வழி ஏன் எனக்கு ஒத்துவராது என்பது முதல் கேள்வி. அதற்குக் காரணம் உங்கள் உடலைப் பற்றியதாக வந்தால் நல்லது. இங்கே அதை நாங்கள் செய்வதில்லை என்று வந்தால், அதுவும் நேர்மையான பதில்தான், ஆனால் வேறு பதில். நீங்கள் சொல்லும் முறையில் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை முறை திறந்த அறுவைக்கு மாற நேர்ந்தது, கருப்பையை வெளியே எடுப்பது எப்படி, கருக்குழாய்களை எடுப்பீர்களா, சினைப்பைகளை என்ன செய்வீர்கள், முடிக்கும்போது சிஸ்டோஸ்கோப் விடுவீர்களா? இவற்றைக் கேட்டால் கோபப்படுபவர் சொல்லாமலே ஒரு பதில் சொல்லிவிட்டார். திறந்த அறுவைக்கு மாறச் சம்மதிக்கும் கையெழுத்தை அச்சத்தோடு பார்க்க வேண்டாம். ரத்தம் அடங்காதபோதும் உறுப்பு எதுவென்று புலப்படாதபோதும் மாறத் தெரிந்த கையைத்தான் நம்ப வேண்டும். பிடிவாதமாகத் துளையிலேயே முடித்தவரின் கேஸ்கள்தாம் பின்னால் திரும்பி வரும்.

வீடு திரும்பிய பின் பார்க்கவேண்டியவை வழியைப் பொறுத்து மாறும். வாயு நிரப்பிய முறைகளில் முதல் ஒன்றிரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும். உதரவிதானத்தைச் சீண்டிய வாயுவால் வருவது, தானே போய்விடும். வயிற்று வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது கூடினால், வாந்தியும் உப்புசமும் சேர்ந்தால், குடல் காயம் என்று நினைத்தே பார்க்க வேண்டும், வாயுக்கோளாறு என்று மாத்திரை தரக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் யோனி வழியே விடாமல் நீர் கசிந்தால், அல்லது இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் வலித்துக் காய்ச்சல் வந்தால், யூரிட்டரையும் பையையும் சோதிக்க வேண்டும். அறுவையின்போதே கண்டுபிடித்த சிறுநீர்ப்பைக் கிழிசல் இரண்டு அடுக்குத் தையலாலும் ஒன்றிரண்டு வாரக் கத்தெட்டராலும் ஆறிவிடும். கண்ணில் படாமல் போனது ஓயாமல் ஒழுகும் துளையாகி மாதக்கணக்கில் அலைக்கழிக்கும்.

பழுப்பு நிறக் கசிவு நான்கு முதல் ஆறு வாரம் இருக்கலாம். உடலுறவுக்குக் குறைந்தது ஆறு வாரம், லேப்ராஸ்கோப்பிலோ ரோபோவிலோ செய்திருந்தால் இன்னும் சில வாரம் கூடுதலாகப் பொறுப்பது நல்லது. வயிற்றுத் தழும்பு அழகாக ஆறிவிட்டது என்பதை வைத்து உள்தையலை எடைபோட முடியாது. திடீரென்று நீரோ ரத்தமோ குபுக்கென்று வந்து யோனியில் ஏதோ பிதுங்கி நிற்பதுபோலத் தோன்றினால் தையல் விட்டுக் குடல் இறங்கியிருக்கலாம். உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது. சுத்தமான ஈரத்துணியால் மூடி, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், படுத்த நிலையிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.